நாக்கு முன்னே போகட்டும், அம்மிணி

அம்மிணிக்கு,

நம்பிக்கை இல்லாமல் பாடினால் அது சாமியை ஏமாற்றுகிற காரியம் ஆகாதா என்று கேட்டிருக்கிறாய். தேவாரம் படிக்கிற பிள்ளைகள் இதை வாய்விட்டுக் கேட்பது அபூர்வம். பாதிப் பேர் மனசுக்குள் வைத்துக்கொண்டே ஒருநாள் தாளத்தைக் கீழே வைத்துவிடுகிறார்கள். மீதிப் பேர் கேள்வியை மூடிவிட்டுக் குரலில் கொஞ்சம் குழைவைக் கூட்டிக்கொள்கிறார்கள். நீ கேட்டுவிட்டாய். பதிலைப் பத்திரிகையிலேயே எழுதுகிறேன். தாராபுரம், காங்கேயம், பல்லடம் பக்கத்தில் பகலில் பனியன் கம்பெனிக்கும் சாயங்காலம் கோயிலுக்கும் போகிற பிள்ளைகள் உன்னைப்போல இன்னும் சிலர் இருக்கிறார்கள். உன் பெயர் வராது.

படிக்கிறவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது ஒரு மண்டலம் திருநீலகண்டப் பதிகம் பாடினாய். அது நம் கொங்கு மண்ணில் பிறந்த பதிகம். ஞானசம்பந்தர் கொடிமாடச் செங்குன்றூரில், இன்றைய திருச்செங்கோட்டில், தங்கியிருந்தபோது கூட வந்த அடியார்களைக் குளிர்சுரம் பிடித்தது, அது தீரப் பாடினார் என்கிறது பெரியபுராணம். முதல் திருமுறை, வியாழக்குறிஞ்சிப் பண். இன்றைக்கும் வீட்டில் யாருக்காவது நோய் என்றால் ஓதுவார்கள் முதலில் எடுப்பது அதைத்தான். கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாடினாய். செக்கிங் டேபிளில் பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வாய்க்குள் பாடினாய். ஆஸ்பத்திரி வராந்தாவில் பாடினாய். அப்பா போய்விட்டார். காரியம் முடிந்து ஆற்றங்கரைக் கோயிலுக்கு வந்து வழக்கம்போல நின்றபோது, பாட்டு வந்தது, உள்ளே ஒன்றுமே இல்லை என்று எழுதியிருக்கிறாய். ‘பதிகம் பொய்யா, நான் பாடினது பொய்யா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கய்யா’ என்று முடித்திருக்கிறாய்.

இந்தச் சமயத்தில் காரணம் சொல்ல ஆட்கள் வருவார்கள். உச்சரிப்பு எங்கேயாவது பிசகியிருக்கும் என்பார் ஒருவர். தீட்டு நாளிலும் பாடினாயாமே என்று ஓர் அத்தை குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பாள். முன்வினை என்பார்கள். எல்லாவற்றிலும் கொடுமையாக, உனக்கு நம்பிக்கை போதவில்லை, அதனால்தான் என்பார்கள். இப்படிச் சொல்கிறவர்களை வாசலோடு அனுப்பிவிடு. உன் அப்பா போனதற்கு நானும் ஒரு காரணத்தைக் கட்டி உன் கையில் கொடுக்க மாட்டேன். காரணம் கண்டுபிடித்து ஆறுதல் சொல்கிறவர்கள் பெரும்பாலும் தங்கள் பயத்துக்குத்தான் மருந்து போட்டுக்கொள்கிறார்கள்.

நீ பாடுகிற பாட்டை முதலில் எழுதினவர்கள் எப்படிப்பட்ட ஆட்கள் என்பதை மட்டும் பேசுகிறேன். அது எனக்குத் தெரிந்த விஷயம். அதிலும் சுந்தரர். ஏழாம் திருமுறை முழுக்க அவருடையது, நூறு பதிகம். நால்வரில் மனுஷன் அவர்தான் என்று எனக்குத் தோன்றும். இப்படிச் சொன்னால் சில பெரியவர்களுக்குக் கோபம் வருகிறது, வரட்டும். கல்யாணப் பந்தலில் கிழவர் ஒருவர் ஓலையை நீட்டி ‘நீ எனக்கு அடிமை’ என்றதும், ‘பைத்தியக்காரக் கிழவா’ என்று ஏசினவர். வழக்குத் தோற்று, கிழவர் யார் என்று தெரிந்து, பாடு என்று உத்தரவு வந்தபோது, எனக்கு என்ன தெரியும் பாட என்று தயங்கினார். ஏசினாயே, அந்தச் சொல்லிலேயே தொடங்கு என்று பதில் வந்தது. ஏழாம் திருமுறையின் முதல் சொல் அப்படி வந்தது. தகுதி இருக்கிறதா, பக்தி கனிந்துவிட்டதா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. வாயில் என்ன இருந்ததோ அதை வைத்து ஆரம்பிக்கச் சொன்னார்கள். அப்போது இருந்தது வசைதான்.

உனக்குப் பாடம் சொன்னபோது ஏழாம் திருமுறையின் நாற்பத்தெட்டாம் பதிகத்தையும் நாற்பத்தொன்பதாம் பதிகத்தையும் அடுத்தடுத்து நடத்தியிருப்பார்கள். இரண்டும் பழம்பஞ்சுரம், நாம் சங்கராபரணத்தில் பாடுவது. இரண்டும் கொங்கு நாட்டுத் தலங்கள். நாற்பத்தெட்டு கொடுமுடி, நாற்பத்தொன்பது திருமுருகன்பூண்டி. பண் ஒன்று, நாடு ஒன்று, பாடினவர் ஒருவர். ஆனால் இரண்டையும் ஒரே சாயங்காலத்தில் பாடிப் பார், ஒரே ஆள்தான் பாடினாரா என்று சந்தேகம் வந்துவிடும்.

பூண்டிப் பதிகம் ஒரு புகார். சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னும் துணியும் சுமந்து ஆட்கள் வர, அவிநாசிப் பக்கம் வரும்போது வேடர்கள் வழிமறித்து எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள். சிவனே தன் பூதகணங்களை வேடராக அனுப்பினார் என்று புராணம் பின்னால் சொல்லும். பறிகொடுத்தவருக்கு அந்த நேரம் அது தெரியாது. நேரே கோயிலுக்குப் போய்ச் சாமியைத் திட்டினார். இந்த ஊர்க்காரர்கள் வில்லோடு நிற்கிறார்கள், கூசாமல் ஏசுகிறார்கள், குத்துகிறார்கள், கட்டின துணியைப் பிடுங்குகிறார்கள், இப்படிப்பட்ட ஊரில் நீர் எதற்கு ஐயா குடியிருக்கிறீர்? பாட்டுக்குப் பாட்டு இதே கேள்விதான். (துணியைப் பறிக்கிறார்களே என்று அவர் அழுத ஊரைச் சுற்றித்தான் இன்று உலகத்துக்கே துணி தைக்கிறார்கள். சாமிக்கும் ஒரு குறும்பு உண்டு.) பூண்டிக்குப் போனால், சிற்பக் கூடங்களின் உளிச்சத்தத்தைத் தாண்டிக் கோயிலுக்குள் போய், சுந்தரர் சிலைகள் இரண்டையும் நின்று பார். ஒன்று பறிகொடுத்து வாடின முகம், மற்றது திரும்பக் கிடைத்துச் சிரிக்கிற முகம். சிரிக்கிறதை மட்டும் வைத்திருந்தால் போதாதா? வாடின முகத்துக்கும் கல் எடுத்துச் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

பூண்டியில் போன பொருள் திரும்பி வந்தது. அதனால் அந்தக் கதை சொல்லச் சுலபமாக இருக்கிறது. அவிநாசியிலும் அப்படித்தான், முதலை விழுங்கின பிள்ளை திரும்ப வந்தான். உன்னைப்போல இருக்கிறவர்களுக்கு இந்தக் கதைகள் ஆறாத புண்ணில் உப்பு. அவர்கள் பிள்ளை வந்தான், என் அப்பா ஏன் வரவில்லை? நியாயமான கேள்வி. அதனால் உன்னைத் திருவெண்பாக்கத்துக்குக் கூட்டிப் போகிறேன்.

திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தபோது, உன்னைப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்தார் சுந்தரர். அந்தச் சத்தியத்திலும் ஒரு தந்திரம். நான் சன்னிதியில் சத்தியம் செய்கிற நேரத்தில் நீர் வெளியே மகிழமரத்தடிக்குப் போய்விடும் என்று சாமியிடமே ஏற்பாடு. சாமி சரி என்று சொல்லிவிட்டு, மகிழமரத்தடியில் சத்தியம் வாங்கிக்கொள் என்று அந்தப் பக்கம் சொல்லிவிட்டார். மரத்தடியில் செய்த சத்தியத்தை மீறி ஆரூருக்குக் கிளம்பினார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டினதும் இரண்டு கண்ணும் போயிற்று. தவறு அவருடையதுதான், அவருக்கும் தெரியும். தடவித் தடவி நடந்து திருவெண்பாக்கம் சேர்ந்து, கோயிலில் இருக்கிறீரா என்று கேட்டுப் பாடினார். கேட்டது கண். கிடைத்தது ஊன்றுகோல் ஒன்று. ‘இருக்கிறோம், நீர் போய் வாரும்’ என்கிற மாதிரி முகம் கொடுக்காத பதில் ஒன்றும் கூடவே.

இந்தக் கதையை நான் லேசில் தாண்டமாட்டேன், அம்மிணி. தோழன் என்று பேர் வாங்கினவன் கண் கேட்கிறான், கம்பு கொடுக்கிறார்கள். அந்தக் கம்பைக் கோபத்தில் வீசினார், அது பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்தது என்று அந்தக் கோயிலில் சொல்வார்கள். நந்தியைப் பார்த்தால் கொம்பு ஒடிந்துதான் இருக்கிறது. கதை நடந்த பழைய கோயில் இப்போது தண்ணீருக்கடியில். சென்னைக்குக் குடிநீருக்காக 1940-களில் பூண்டி ஏரியைக் கட்டினபோது அந்த இடம் மூழ்க, சாமியைக் கரைக்குக் கொண்டுவந்து வேறு கோயில் கட்டினார்கள். நம்முடைய பூண்டி வேறு, அது திருவள்ளூர்ப் பக்கத்துப் பூண்டி. அங்கே சாமிக்குப் பெயரே ஊன்றீசுவரர். கண் கொடுத்த சாமி என்று பெயர் வைக்கவில்லை.

பிறகு என்ன செய்தார்? நடந்தார். கண் தெரியாமல் திருவாலங்காடு, அங்கிருந்து காஞ்சி. காஞ்சியில் இடக்கண் வந்தது. ஒரு கண்ணோடு தெற்கே நடந்தார், வழியில் உடம்பில் நோய் வேறு. திருத்துருத்திக் குளத்தில் குளித்து அது நீங்கிற்று. ஆரூர் போய்த்தான் வலக்கண். ஒவ்வோர் ஊரிலும் பாட்டு உண்டு, அதைக் கவனி. கண் வந்தபிறகு பாடிக்கொள்ளலாம் என்று அவர் நிறுத்திவைத்திருந்தால் அந்தப் பதிகங்களே இருந்திருக்காது. அவற்றில் சில, கண் இல்லாதவன் கோபத்தோடு பாடினவை. நீ பாடத்தில் படித்து, மெட்டு சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த பக்கம் திருப்பியிருப்பாய். இப்போது ஒரு தடவை திறந்து படித்துப் பார்.

எனவே பதிகம் பொய்யா, பாடினது பொய்யா என்று கேட்டாயே, அந்தப் புத்தகத்தில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. பாடினதும் உண்மை, கேட்டது கிடைக்காததும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் பதிகமாகத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். கிடைக்காத இடத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தொகுக்கவில்லை.

இப்போது கொடுமுடி. அந்தப் பதிகத்தில் சுந்தரர் சொல்வது, நான் உன்னை மறந்தாலும் என் நாக்கு உன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும் என்பது. எளிமையாகப் படிக்கும்போது பெரிய பக்தியாகத் தெரியும். யோசித்தால் அதில் ஓர் ஒப்புதலும் இருக்கிறது: மறப்பேன் என்று முன்கூட்டியே சொல்கிறார். மனசை அவர் நம்பவில்லை. இந்த மனசு ஒற்றியூரில் சத்தியம் செய்யும், நாலு நாளில் ஆரூர் வாசனைக்கு இழுத்துக்கொண்டு போகும். நாக்கு அப்படியில்லை, பழக்கினால் பழக்கின வழியில் போகும். கொடுமுடியில் அவர் நாக்கைத்தான் ஈடாக வைக்கிறார்.

ஓதுவார் வேலை இதுதான். பேட்லாக் மிஷினில் உட்காருகிற அக்காவுக்கு வீட்டில் சண்டை, பிள்ளைக்குக் காய்ச்சல், மனசு எங்கேயோ இருக்கும். ஆனாலும் கை ஓரத்தைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டேயிருக்கும், தையல் கோணாது. அவள் பொய்யாகத் தைத்தாள் என்று நீ செக்கிங்கில் பீஸைத் திருப்பி அனுப்புவாயா? தையல் நேராக இருக்கிறதா என்றுதானே பார்ப்பாய். நாக்கு முன்னே போகட்டும். மனசு வரும்போது வரட்டும், வராத நாளிலும் பூஜை நேரத்துக்குப் பூஜை நடக்கவேண்டும்.

ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பிடாரர்களை நியமித்தான். உடுக்கைக்கு ஒருவர், கொட்டி மத்தளத்துக்கு ஒருவர், ஆக ஐம்பது பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல் என்று கல்வெட்டு சொல்கிறது. ஒருவர் இறந்தால் அந்த இடம் காலியாக இருக்கக்கூடாது, அடுத்தவர் நிற்கவேண்டும் என்றும் ஏற்பாடு. இந்த 48 பேரில் அன்றன்றைக்கு எத்தனை பேர் நம்பிக்கையோடு பாடினார்கள் என்று அந்தக் கல்வெட்டு கணக்கு வைக்கவில்லை. பாடினார்களா என்பதைத்தான் ராஜா பார்த்தான். அவர்களில் ஒருவர் வீட்டில் அன்று சாவு விழுந்திருக்கும், ஒருவருக்குக் கடன், ஒருவருக்குச் சாமி இருக்கிறதா என்றே சந்தேகம். அத்தனையும் தாண்டித்தான் பண் நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அந்தப் பண் ஒருமுறை தொலைந்துபோனபோது எருக்கத்தம்புலியூரில் பாணர் வழியில் வந்த ஒரு பெண்தான் எடுத்துக் கொடுத்தாள் என்று திருமுறைகண்ட புராணம் சொல்லும். பெண்பிள்ளைக்கு எதற்கு ஓதுவார் வேலை என்று உன்னிடம் முகத்தைச் சுளித்தாராமே ஒருவர், அவருக்கு இதைச் சொல். 2021-ல் சென்னைக்குப் பக்கத்தில் மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலில் ஓர் இளம்பெண் ஓதுவாராகப் பொறுப்பேற்றதையும் சேர்த்துச் சொல்.

கொடுமுடிக்காரி ஒருத்தியை நினைத்துக்கொள். கே.பி.சுந்தராம்பாள் 1908-ல் அங்கே பிறந்தார். புருஷன் கிட்டப்பா 1933-ல் போனார். அந்த அம்மாள் அதற்குப் பிறகு வெள்ளைப் புடவையோடு வீட்டுக்குள் அடங்கிவிட்டார், சில காலம் மேடையே வேண்டாம் என்றிருந்தார். திரும்ப வந்தபோது ‘நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே வேஷம் கட்டினார், 1935-ல், ஒரு லட்சம் ரூபாய் சம்பளத்துக்கு. அந்தக் காலத்து ஒரு லட்சம்! சிதம்பரத்துக்கு வரவேண்டாம் என்று தடுக்கப்பட்டவனின் பாட்டைப் பாட அவருக்கு நடிப்பு தேவைப்பட்டிருக்காது. குரல் மட்டும் நின்றது. அவருக்குள் என்ன நடந்தது என்று எவரும் அளந்து பார்க்கவில்லை, அளக்கவும் முடியாது.

நீ ‘கீழ்ப்படிவது’ என்ற சொல்லை இரண்டு மூன்று இடத்தில் எழுதியிருந்தாய், அதைப் பற்றியும் பேசிவிடுகிறேன். சிவன்மலை உத்தரவுப் பெட்டி நமக்கெல்லாம் தெரியும். பக்தர் ஒருவர் கனவில் சாமி வந்து, இன்ன பொருளைக் கொண்டுபோய் வை என்கிறார். அவர் காங்கேயத்துக்கு பஸ் ஏறி மலைக்குப் போய்ச் சொல்கிறார். மண், தண்ணீர், அரிசி, மஞ்சள், சங்கிலி, என்னென்னவோ அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்திருக்கிறது. அடுத்த கனவு வரும்வரை அது அங்கேயே இருக்கும். தண்ணீர் வைத்தபிறகு சுனாமி வந்தது, இது வைத்ததால் தங்கம் விலை ஏறும் என்று டீக்கடையிலும் பேப்பரிலும் பலன் சொல்லிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அந்தப் பலனில் நாட்டம் இல்லை. நடுவில் நடக்கிற ஒன்றைத்தான் பார்ப்பேன். கனவு கண்டேன் என்று சொன்னவுடன் பொருளைப் பெட்டியில் வைத்துவிடுவதில்லை. சாமி முன்னால் பூப்போட்டுக் கேட்கிறார்கள். வெள்ளைப் பூ வந்தால்தான் உத்தரவு. இல்லையென்றால் அந்த ஆள் பொருளோடு ஊர் திரும்பவேண்டியதுதான்.

கொங்குக்காரர்கள் கீழ்ப்படிவதிலேயே ஒரு சந்தேகத்தை உள்ளே வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். சாமியே கனவில் வந்து சொன்னாலும், சொன்னது சாமிதானா, உன் ஆசையா என்று இன்னொருமுறை கேட்டுப் பார்க்கவேண்டும். அந்தப் பக்தரும் கேட்டுப் பார்க்கச் சம்மதிக்கிறார், வெறுங்கையோடு திரும்பவும் சம்மதிக்கிறார். உன் சந்தேகம் அபசாரம் என்று சொல்கிறவருக்குச் சிவன்மலையைக் காட்டு.

கூடவே, கடவுளுக்குக் கீழ்ப்படிவது வேறு, அவர் பேரைச் சொல்லிக்கொண்டு வருகிறவனுக்குக் கீழ்ப்படிவது வேறு. இந்த வித்தியாசத்தை அப்பரைவிடப் பச்சையாக யாரும் காட்டவில்லை. பல்லவ மன்னன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டான், வரமாட்டேன் என்றார். இத்தனைக்கும் அவர் சமயம் மாறிப் போய், சூலை நோயோடு அக்காள் திலகவதியார் காலடிக்குத் திரும்பி வந்தவர். இரண்டு பக்கமும் நின்று பார்த்த ஆள். கோயிலில் உன்னிடம் யாராவது, சாமி சொன்னார், நீ இதைச் செய், அங்கே போ, இவரைப் பார் என்றால் பூக் கேட்காமல் அசையாதே. சின்னப் பெண்கள் விஷயத்தில் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்.

உள்ளே ஒன்றுமே இல்லை என்று எழுதினாயே, அந்த வறட்சி உனக்கு மட்டும் வந்ததாக நினைக்கவேண்டாம். கல்கத்தாவில் அன்னை தெரசா தன் குருமார்களுக்கு எழுதின கடிதங்கள் அவர் இறந்து பத்து வருஷம் கழித்து, 2007-ல், புத்தகமாக வந்தபோது உலகமே திடுக்கிட்டது. பல வருஷங்களாகக் கடவுள் இருப்பதாகவே உள்ளுக்குள் தோன்றவில்லை என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதங்களை அழித்துவிடுங்கள் என்றும் கேட்டிருந்தார். அத்தனை வருஷமும் விடிகாலையில் எழுந்து ஜெபம் செய்தார், தெருவில் கிடந்தவர்களைத் தூக்கினார். நம் பக்கத்தில் மாணிக்கவாசகர் இருக்கிறார். திருச்சதகத்தில் நான் பொய், என் நெஞ்சு பொய், அன்பும் பொய் என்று தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, அழுதால் மட்டும் உன்னைப் பெறலாம் என்று ஓர் ஓரத்தைப் பிடித்துக்கொள்கிறார். உத்தரகோசமங்கையில் பாடின நீத்தல் விண்ணப்பம் ஐம்பது பாட்டும், விட்டுவிடாதே, விட்டுவிடாதே என்பதுதான். விட்டுவிடுவாரோ என்ற பயம் இல்லாதவன் ஐம்பது தடவை கேட்பானா?

கொஞ்சம் தொழில் பேசுவோம். அழுகையைச் சேர்த்துப் பாடாதே. மேடையில் இப்போது அது ஒரு பழக்கமாகிவிட்டது, கண்ணை மூடி, குரலை உடைத்து, கடைசி அடியில் தழுதழுத்து. கேட்கிறவர்கள் உருகுவார்கள், நீ காலியாவாய். வறட்சியாக இருக்கிற நாளில் வறட்சியாகவே பாடு. பண் சுத்தமாக இருக்கட்டும், சொல் முழுதாகக் காதில் விழட்டும், பொருள் தெரிந்து நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்து. மற்றதைப் பதிகம் பார்த்துக்கொள்ளும். அது உன்னையும் என்னையும்விட வயசானது.

அடுத்தது, சுருதி. தருமபுரம் சுவாமிநாதன் அவர்கள் பாடின ஒலிநாடாவைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் எல்லோரும் அவர் கட்டையிலேயே பாடப் பார்க்கிறார்கள். (தருமபுரம் ஆதீனத்தைச் சொல்கிறேன். தாராபுரத்துக்காரர் என்று நினைத்து என்னிடம் விலாசம் கேட்டவர்கள் உண்டு.) ஆண் குரலுக்கு வைத்த சுருதிப்பெட்டியைத் தொடாமல் அதிலேயே நின்று பாடுகிறாய், கீழே சத்தமே வரவில்லை, எனக்குக் குரல் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறாய். உன் பலவீனம் என்று நீ எழுதினதில் பாதி இது. பெட்டியை ஐந்து கட்டைக்குத் திருப்பி வை. அர்ச்சகர் ஏன் மாற்றினாய் என்றால் நான் சொன்னேன் என்று சொல். கம்பெனியில் பஞ்சுத்தூசி தொண்டைக்குள் போகாமல் வாயைத் துணியால் கட்டிக்கொள். பாடுகிற நாளில் ஐஸ் போட்ட சர்பத் வேண்டாம்.

திருநீலகண்டப் பதிகத்தைக் கொஞ்ச நாள் எடுக்கவேண்டாம். அது அப்பாவோடு சேர்ந்து கிடக்கட்டும், நீயாக எடுக்கிற நாள் வரும், வராவிட்டாலும் குற்றமில்லை. யாராவது நோய்க்குப் பாடக் கேட்டு வீட்டுக்குக் கூப்பிட்டால் போ. குணமாகும் என்று வாக்குக் கொடுக்காதே. பாடிவிட்டு, நோயாளி பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வா. கண் கொடுக்கிற அதிகாரம் நமக்கில்லை, கம்பு ஒன்று கொண்டுபோய்க் கொடுக்க முடியும்.

பங்குனி உத்திரம் வரும்போது கொடுமுடியில் காவேரித் தண்ணீரை மொண்டு, தீர்த்தக் காவடியோடு முத்தூர், வெள்ளக்கோவில் வழியாக நம் ஊரைத் தாண்டிப் பழனிக்குப் போகிறார்களே, அவர்களோடு ஒரு காத தூரமாவது நடந்து பார். காலில் கொப்புளம், தோளில் கலசம், தார் ரோடு கொதிக்கும். பாதிப் பேர் சாமியைப் பற்றிப் பேசமாட்டார்கள். மஞ்சள் விலை, கிணற்றில் தண்ணி மட்டம், மருமகள் சண்டை. நடுவில் யாராவது ஓர் அரோகரா போட்டால் கூடவே எல்லார் வாயும் திறக்கும், பிறகு மறுபடியும் மஞ்சள் விலை. இவர்களில் யாருக்கு நம்பிக்கை எவ்வளவு என்று கேட்கப் போனால் உன்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். தண்ணீர் பழனிக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

அடுத்த பிரதோஷத்துக்கு அகத்தீசுவரர் கோயிலுக்கு வா. பஞ்சபுராணத்தில் தேவாரத்துக்குப் பூண்டிப் பதிகத்தில் ஒரு பாட்டை எடு, நாலு பேர் முன்னால் சாமியை அந்தக் கேள்வி கேட்டுப் பார், சுந்தரர் கேட்டதுதான், புதுசாக ஒன்றும் இல்லை. அதே பண்ணில் கொடுமுடிப் பாட்டு ஒன்றையும் தொடர்ந்து பாடு. திருவாசகம் வழக்கம்போல மோகனத்தில். நான் தாளம் கொண்டுவருகிறேன். பூஜை நாலரைக்கு ஆரம்பித்துவிடும், திருப்பூரிலிருந்து பஸ் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகும், அதனால் அன்றைக்கு மத்தியானத்தோடு கிளம்பவேண்டியிருக்கும். ஒன்றரை ஷிப்ட் போடச் சொல்லி நெருக்குவார்கள், முந்தின நாளே சூப்பர்வைசரிடம் சொல்லி வைத்துவிடு. சனிக்கிழமை சம்பளத்தில் அரை நாள் பிடிப்பார்கள். தெரிந்துதான் கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஓதுவார் ஒருவர், தாராபுரம்